அந்த ‘சி’ வேற ‘சி’

போன் அலறியது.

திண்டிவனம், மரக்காணம் ரோடு. ‘சங்கராபரணி ஃபார்மா’ கம்பெனியின் மாடி அறை. வருடம் 1988. மத்தியான வெயிலில் ஜன்னல் கம்பி கொதித்துக்கொண்டிருந்தது.

இருதயசெல்வி ரிசீவரை எடுத்தாள்.

“ஹலோ…”

“செல்வி… நான் அமிர்தசாமி பேசறேன். விக்கிரவாண்டியிலேருந்து.”

கம்பெனியின் கெமிஸ்ட். எப்போதும் நிதானமாகப் பேசுகிற மனிதர். இப்போது அவருக்கு மூச்சு இரைத்தது.

“என்னா சார், ஓடியாந்தீங்களா?”

“நான் சொல்றதை மட்டும் கேளு. அந்த இருமல் மருந்து லேபிளை அடிக்காத. ஒன்னு கூட அடிக்காத.”

“சாயந்தரம் லாரி வருதுன்னு மொதலாளி சொன்னாரே சார். கப்பல் காத்துக்கினு இருக்குதுன்னு…”

“மருந்துல கிளிசரின் இல்லம்மா. லாரி ரேடியேட்டர்ல ஊத்துற கூலன்ட்டைக் கலந்திருக்கானுங்க. நான் டெஸ்ட் பண்ணிட்டேன். குடிச்ச கொழந்தைங்க பொழைக்காது.”

செல்வி எழுந்து நின்றுவிட்டாள்.

“போலீசுக்குத்தான் போய்க்கினு இருக்கேன். இதுல மொதலாளி மட்டும் இல்ல செல்வி. இன்னொருத்தன் இருக்கான். நீ அவனை நம்பி…”

டொக்.

“சார்… சார்…”

எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டாள். “விக்கிரவாண்டி லைன் கட்டாயிடுச்சும்மா,” என்றது ஒரு தூக்கக் குரல்.

ரிசீவரை வைத்தாள்.

கீழே கோடவுன். அது நிறைய இருமல் மருந்து பாட்டில்கள். மூடி போட்டாயிற்று. லேபிள்தான் பாக்கி. ஒட்டிவிட்டால் மெட்ராஸ் துறைமுகம். அங்கிருந்து கப்பலேறி ரஷ்யா. அங்கே யாரோ ஒரு தாய், இருமுகிற குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு ஸ்பூன்…



லேபிள் ரஷ்ய மொழியில் இருக்க வேண்டும். விழுப்புரத்துப் பெண்ணான செல்வி மெட்ராஸில் தங்கி மாலை வகுப்பில் ரஷ்யன் படித்தவள். அதனால்தான் இந்த வேலையே கிடைத்தது. கம்பெனியின் ஒரே கம்ப்யூட்டரில் ரஷ்ய எழுத்தை வரவைத்துக் கொடுத்தவர் தொம்மை. விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். அவள் போகிற மாதா கோயிலுக்கே வருகிறவர். தங்கச்சி, தங்கச்சி என்று உருகுகிற மனிதர்.

முக்கால் மணி நேரம் கழித்து மாடிப்படியில் தடதடவென்று சத்தம்.

பாட்டில் கழுவுகிற கெங்கம்மாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

“பாப்பா… நம்ம அமிர்தசாமி சாரு போயிட்டாராம்.”

“எங்க போயிட்டாரு?”

“செத்துட்டாரு பாப்பா. விக்கிரவாண்டியில லாரி ஏறிட்டுதாம். பஸ்ஸுல வந்தவங்க பாத்துட்டு வந்து சொல்றாங்க. ரோட்டுலயே கெடக்குறாராம்.”

செல்வி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“லாரி நிக்கவே இல்லையாம்,” என்றாள் கெங்கம்மாள். “நீ வூட்டுக்குப் போயிடு பாப்பா. மூஞ்சியே வெளுத்துப் போச்சு.”

“போறேன். நீ கீழ போ.”

கெங்கம்மாள் இறங்கிப் போனாள்.

செல்வி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பச்சை எழுத்துகள் கண் சிமிட்டின.

லேபிளை அழித்துவிடலாமா?

அழித்தால், யார் அழித்தது என்று கேட்பார்கள். அவளைத் தவிர இந்தக் கீபோர்டை யார் தொடுகிறார்கள்? அமிர்தசாமிக்கு வந்த லாரி அவளுக்கும் வரும். அழிக்காமல் போனாலோ, யாராவது அவள் கழுத்தில் கத்தியை வைத்து அடிக்கச் சொல்வார்கள்.

லேபிள் இருக்கவும் வேண்டும். கிடைக்கவும் கூடாது. பழி மெஷின் மேல் விழ வேண்டும்.

தொம்மை ஒருநாள் விளக்கியது ஞாபகம் வந்தது.

‘தங்கச்சி, கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது. நம்பர்தான் தெரியும். இங்கிலீஷ் C-க்கு நம்பர் 67. ரஷ்யாக்காரன்கிட்டயும் அதே மாதிரி ஒரு C இருக்குது. அவன் அதை ‘ஸ்’னு படிப்பான். நான் ஏத்திக் குடுத்த புரோகிராம்ல அதுக்கு நம்பர் 145. கீபோர்டுல ரெண்டுக்கும் ஒரே கட்டைதான். வலது பக்க ஷிஃப்டை ரெண்டு தட்டு தட்டினா ரஷ்யாவுக்குப் போயிடுவே. மறுபடியும் தட்டினா ஊருக்குத் திரும்பிடுவே. கண்ணுக்கு ரெண்டும் ஒன்னு. மெஷினுக்கு வேற வேற. மாத்தி அடிச்சுட்டே… பேஜாரு!’

லேபிள் இருந்த ஃபைலின் பெயர் COUGH.

செல்வி அதற்குப் புதுப் பெயர் வைத்தாள். அதுவும் COUGH.

வலது ஷிஃப்ட். தட்டு, தட்டு. C. மறுபடி ஷிஃப்ட். தட்டு, தட்டு. மிச்ச எழுத்துகள் எப்போதும் போல ஆங்கிலத்தில்.

திரையில் எந்த வித்தியாசமும் இல்லை. அதே COUGH. ஆனால் இனி யார் வந்து சாதாரணமாக அந்தப் பெயரை அடித்தாலும், அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று மெஷின் சாதிக்கும்.

பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கதவை நோக்கித் திரும்பினாள்.

வாசலில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார்.

காக்கிச் சட்டை. தொப்பியைக் கக்கத்தில் வைத்திருந்தார். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயசு.

“இருதயசெல்வியா? நான் இன்ஸ்பெக்டர் நடராசன்.”

செல்விக்கு அழுகையே வந்துவிட்டது.

“சார்… நீங்களே வந்துட்டீங்க. அமிர்தசாமி சாரு எனக்குப் போன் பண்ணினாரு சார். பாதியில கட்டாயிடுச்சு.”

“உக்காரு. மொதல்லேருந்து சொல்லு.”

சொன்னாள். கூலன்ட், குழந்தைகள், லேபிள் எல்லாம். நடராசன் பாக்கெட்டிலிருந்து வேகவைத்த மல்லாட்டையை எடுத்து, கடலைத் தோலை உரித்துத் தின்றுகொண்டே கேட்டார்.

“வேற என்னா சொன்னாரு?”

“மொதலாளியோட இன்னொருத்தன் இருக்கான்னாரு சார்.”

“பேரு?”

“சொல்றதுக்குள்ள கட்டாயிடுச்சு.”

“நிச்சயமா சொல்லலையா?”

“இல்ல சார்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு. பேரு உனக்குத் தெரியாது?”

அவர் கேட்ட தோரணை செல்விக்கு என்னவோ போல் இருந்தது. தெரியாது என்று தலையாட்டினாள்.

“சரி. லேபிளை அடி.”

“எவிடன்ஸுக்கா சார்? ஒன்னு அடிச்சுத் தர்றேன்.”

“ஒன்னை வச்சுக்கினு என்னா பண்றது? முழு ரோலையும் அடி.”

செல்வியின் விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றன.

முழு ரோல்.

சாட்சிக்கு ஒரு லேபிள் போதும். முழு ரோலும் யாருக்கு வேண்டும்? பாட்டிலில் ஒட்டி லாரியில் ஏற்றப் போகிறவனுக்கு!

அப்போதுதான் மற்றதெல்லாம் உறைத்தது. கூட ஒரு கான்ஸ்டபிள் இல்லை. ஜீப் வந்த சத்தமே கேட்கவில்லை. அவள் இவ்வளவு சொல்லியும் ஒரு வரி எழுதிக்கொள்ளவில்லை.

காக்கிச் சட்டையை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

‘இன்னொருத்தன் இருக்கான்…’



“என்னா, அடிக்கலையா?”

“இதோ சார்.”

ஷிஃப்டைத் தொடவில்லை. சாதாரண C. சாதாரண COUGH. என்டரைத் தட்டினாள்.

File not found.

“என்னா சொல்லுது?”

“ஃபைல் இல்லேங்குது சார்.”

நடராசன் எழுந்து வந்து அவள் தோளுக்கு மேலே குனிந்தார். மல்லாட்டை வாசனை அடித்தது.

“உள்ள என்னென்ன இருக்குதுன்னு காட்டு.”

காட்டினாள். வேறு வழியில்லை. பெயர்கள் வரிசையாக ஓடி நின்றன.

“தோ இருக்குதே. COUGH. நகரு, நான் அடிக்கிறேன்.”

அவர் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். திரையில் இருந்த பெயரோடு ஒத்துப் பார்த்துக்கொண்டார். என்டர்.

ஃபைல் நாட் ஃபவுண்ட்.

நடராசன் திரையைப் பார்த்தார். பிறகு செல்வியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இடுப்புத் துப்பாக்கியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“என்னா பண்ணினே?”

“நான் ஒன்னும் பண்ணல சார். மெஷின் மக்கர் பண்ணுது.”

“இதைச் சரி பண்றது யாரு?”

செல்விக்குச் சட்டென்று ஒரு வெளிச்சம்.

“விழுப்புரத்துல தொம்மை அண்ணன்னு ஒருத்தரு சார். அவருதான் இதெல்லாம் ஏத்திக் குடுத்தாரு.”

“கூப்பிடு. மெஷினைப் பத்தி மட்டும் பேசு.”

எக்ஸ்சேஞ்சில் உடனே இணைப்புக் கிடைக்கிற லைட்னிங் கால் போட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கடவுளே, கடையில் இருக்க வேண்டும்…

“ஹலோ, யாரு?”

“அண்ணே, செல்வி பேசறேன். திண்டிவனத்துலேருந்து. மெஷின் மக்கர் பண்ணுதுண்ணே. COUGH இருக்குதுன்னு காட்டுது. கூப்பிட்டா இல்லேங்குது.”

“ரஷ்யன்ல பேரு வச்சுட்டியா?”

செல்வி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். நடராசனுக்குக் கேட்டிருக்குமா? அவர் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

“அதில்லண்ணே. இங்க ஒரு போலீஸ்கார சாரு வந்திருக்காரு. அவருக்கு லேபிள் மொத்தமும் வேணுமாம். நீங்க அன்னிக்கு சொல்லிக் குடுத்தீங்கல்ல… பாக்க ஒன்னு மாதிரியே இருக்கும், உள்ள வேறன்னு. இங்க அதான் ஆயிப்போச்சுண்ணே. பாக்க அதேதான். ஆனா அது இல்ல.”

மனசுக்குள் கெஞ்சினாள்.

வந்திருப்பவன் போலீஸ் மாதிரி இருக்கிறான், ஆனால் போலீஸ் இல்லை. புரிந்துகொள்ளுங்கள் அண்ணே…

“புரியுது தங்கச்சி,” என்றார் தொம்மை மெதுவாக. “வந்திருக்கிற ஆளு யாருன்னு எனக்குப் புரிஞ்சிடுச்சு. நீ பயப்படாத. ஜல்தியா வர்றேன்.”

ரிசீவரை வைத்தபோது அவளுக்கு உயிர் பாதி திரும்பியிருந்தது.

“வர்றாரா?” என்றார் நடராசன்.

“வர்றாரு சார்.”

“இந்தா, மல்லாட்டை சாப்பிடு.”

“வேணாம் சார்.”

காத்திருந்தார்கள். நடராசன் ஒரு தடவை ஜன்னலோரம் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். ஒரு தடவை டெலிபோன் வயரை விரலில் சுற்றி, ஏதோ யோசித்தபடி இழுத்துப் பார்த்தார். செல்வி கழுத்தில் கிடந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். மூடினால் ரோட்டில் கிடக்கிற அமிர்தசாமி வந்தார். திறந்தால் மேஜை மேல் துப்பாக்கி.

கீழே ஸ்கூட்டர் சத்தம்.

படியேறி வருகிற செருப்பு ஓசை. கருவிப் பையோடு தொம்மை உள்ளே வந்தார்.

“அண்ணே…”

செல்வி ஓடிப்போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

“அதான் வந்துட்டன்ல தங்கச்சி. ஒன்னும் ஆவாது. அப்பால போய் உக்காரு.”

தொம்மை கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டார்.

தாழ்ப்பாள் எதற்கு?

தொம்மை இன்ஸ்பெக்டரை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார். சிரித்தார்.

“டிரஸ் நல்லாத்தான் இருக்குது. எங்க எடுத்தே? டிராமா செட்டுலயா?”

மல்லாட்டை உரித்த விரல்கள் நின்றன.

“ஏன்? எடுப்பா இல்லையா?” என்றார் நடராசன்.

“வயித்துக்கிட்ட இடிக்குது. அதை வுடு. மொதலாளிதான அனுப்பினாரு உன்னை?”

“வேற யாரு அனுப்புவா?”

“சுப்பராயலுவுக்கு என்னைக்குமே இதே வேலை. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு. அங்க ஒருத்தனை முடிச்சுட்டு வந்து அக்கடான்னு கடையில உக்காந்தா, இங்கேருந்து போனு.”

செல்வியின் காதுக்குள் ஏதோ விசிலடித்தது.

“கெமிஸ்ட்டையா?” என்றார் நடராசன், சாதாரணமாக.

“ஆமா. டீக்கடையில நின்னுக்கினு இதுக்குத்தான் போன் பண்ணிக்கினு இருந்தான். பின்னாடி போய் வயரை நறுக்கினேன். என்னைப் பாத்ததும் ரோட்டுக்கு ஓடினான். அதுக்குத்தானே லாரியை நிறுத்தி வச்சிருந்தோம்?”

“அண்ணே…” செல்வியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

தொம்மை திரும்பிக் கூடப் பார்க்கவில்லை.

“இந்தப் பொண்ணை என்னா பண்றது?” என்றார் நடராசன்.

“மொதல்ல லேபிள் அடிச்சு முடியட்டும். அப்பால கீழ இருக்கிறவங்ககிட்ட வூட்டுல வுடுறேன்னு சொல்லி நானே ஸ்கூட்டர்ல ஏத்திக்கினு போயிடறேன். என்னோட வந்தா அவ வூட்டுல யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.”

இந்த ஆளைத்தான் அவள் கூப்பிட்டாள். இந்த ஆளைத்தான் நம்பினாள்.

தொம்மை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். பெயர்களின் வரிசையைப் பார்த்ததும் உதட்டைச் சுழித்தான்.

“நான் சொல்லிக் குடுத்த வித்தையை எங்கிட்டயே காட்டுது பாரு. இது ரஷ்யன் C. அதான் உனக்குக் கெடைக்கல.”

வலது ஷிஃப்ட். தட்டு, தட்டு.

C.

பிரின்டர் கரகரவென்று உயிர் பெற்றது. ரோல் நகர்ந்தது. முதல் லேபிள் நாக்கு நீட்டியது. குழந்தைகளுக்கான இருமல் மருந்து என்று, செல்வியின் கண்ணுக்கு மட்டும் புரிகிற எழுத்தில்.

நடராசன் அந்த ஒரு லேபிளைக் கிழித்தெடுத்துப் பாக்கெட்டில் வைத்தார். பிரின்டரின் சுவிட்சை அணைத்தார்.

“ஏன் நிறுத்தறே?”

“ஒன்னு போதும்.”

அடுத்த கணம் தொம்மையின் மணிக்கட்டில் ஏதோ ‘கிளிக்’ என்றது. தொம்மை குனிந்து பார்த்தான். விலங்கு.

“யோவ், வெளையாட இதுவா நேரம்? டிராமா செட்டுல வெலங்கும் குடுத்தானா? அவுருய்யா.”

நடராசன் மேஜை மேலிருந்த துப்பாக்கியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பூட்ஸ் காலால் தரையை ஓங்கி உதைத்தார். கீழே கோடவுனுக்குள் பல கால்கள் ஓடுகிற சத்தம் கேட்டது.

“தாழ்ப்பாளைத் தொறம்மா,” என்றார் செல்வியிடம்.

செல்வி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். யாரையும் நம்பக்கூடிய நிலையில் அவள் இல்லை. கதவு தட்டப்பட்டது. வெளியே கெங்கம்மாளின் குரல்.

“பாப்பா, கதவைத் தொற. போலீசுங்க எல்லாம் நெஜ போலீசுதான். அப்ப புடிச்சு கோடவுன்லதான் ஒளிஞ்சுக்கினு இருக்காங்க. நான்தான் டீ வாங்கியாந்து குடுத்தேன்.”

செல்வி திறந்தாள். கான்ஸ்டபிள்கள் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை தானாக வந்தது. நடராசன் அது ஓய்கிற வரைக்கும் காத்திருந்தார்.

“மன்னிச்சுக்கம்மா. உன்னை ரொம்ப பயமுறுத்திட்டேன்.”

“ஏன் சார் எங்கிட்ட ஒன்னும் சொல்லல?”

“அமிர்தசாமி சாரு பையில இருந்த டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பாத்துட்டுத்தான் வந்தோம். லேபிள் அடிக்கிறதே நீதான். உன்னை எப்படி நம்புறது? அதான் முழு ரோலையும் அடின்னு சொல்லிப் பாத்தேன். கூட்டாளியா இருந்தா, நான் மொதலாளியோட ஆளுன்னு நெனைச்சுக் கை நடுங்காம அடிச்சிருப்பே. உனக்கு மூஞ்சியில ரத்தமே இல்ல. நீ இல்லன்னு தெரிஞ்சுபோச்சு.”

“அண்ணன்… இந்த ஆளுதான்னு எப்படி?”

“எவன்னு தெரியாதும்மா. விக்கிரவாண்டி டீக்கடையில போன் வயரைக் கட்டிங் பிளேயரால நறுக்கியிருந்தான். சட்டைப் பையில கட்டிங் பிளேயரை வச்சுக்கினு சுத்துறவன் மெஷின் ரிப்பேர்காரனாத்தான் இருக்கணும். நீ ரிப்பேர்காரரு ஒருத்தரு இருக்காருன்னதும், வரட்டும் பாப்போம்னு உக்காந்தேன். ஆனா என்னையே அவன் கூட்டாளின்னு நெனைச்சுக்கினு எல்லாத்தையும் கக்குவான்னு சத்தியமா நெனைக்கல. போன்ல அப்படி என்னாம்மா சொன்னே?”

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சொல்ல வெட்கமாக இருந்தது.

“நீங்க போலீஸ் மாதிரி இருக்கீங்க… ஆனா போலீஸ் இல்லன்னு சொன்னேன் சார்.”

கான்ஸ்டபிள் ஒருவர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“உங்க மொதலாளி சுப்பராயலுவை மெட்ராஸ்ல, ஹார்பர் வாசல்லயே அமுக்கிட்டாங்களாம்,” என்றார் நடராசன். “ஒரு பாட்டில் கூட கப்பல் ஏறாது. அமிர்தசாமி சாரு உசுரைக் குடுத்து நிறுத்திட்டாரு. மீதியை நீ நிறுத்திட்டே.”

கெங்கம்மாள் செல்வியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

தொம்மையைப் படியிறக்கிக் கொண்டுபோனார்கள். சந்தில் மறைத்து வைத்திருந்த ஜீப் முன்னால் வந்து நின்றது. ஏறுவதற்கு முன் அவன் நின்றான். ஜீப்பைப் பார்த்தான். கான்ஸ்டபிள்களைப் பார்த்தான். அப்போதும் நம்ப முடியாமல் நடராசனைப் பார்த்தான்.

“யோவ்… நீ நெஜமாவே போலீஸ்தானா?”

நடராசன் கடைசி மல்லாட்டையை வாயில் போட்டுக்கொண்டார்.

“கல்யாணம் ஆனதுலேருந்து என் சம்சாரமும் இதையேதான்யா கேட்டுக்கினு இருக்கா… ஏறு வண்டியில!”